நோர்வே சம்பந்தம்

நோர்வேக்குச் சம்மதம் சொல்லி அனுப்பவேண்டிய தந்திப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார் கதிர்காமத்தம்பி. மாப்பிள்ளை பேர்கன் நகரத்தில் எஞ்சினியர். பத்துக்கு எட்டுப் பொருத்தம். இங்கே மெல்பேர்னில் தங்களோடு இருந்து படிக்கும் மகள் மனோகரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, பேர்கனுக்குக் கட்டிக் குடுத்த ஒரு பிள்ளை செத்துப்போச்சுதாம்."

பேனை நின்றது. "ஆற்றை மகள்?"

"பெரிய இடம். சீதனம், காணி எல்லாம் குடுத்துத்தான் தகப்பன் கப்பலேத்தினவர். எங்கட மனோ மாதிரி இருபது வயது. அந்தக் கலியாணம் அதுக்குத் துண்டறப் பிடிக்கேல்லையாம். போய் ரெண்டு வருசம்கூட இருக்கேல்லை, பிள்ளைப்பேறோட முடிஞ்சுது."

கதிர்காமத்தம்பி பேனையை மூடி வைத்தார். குளிர் நாடு. அந்தரம் ஆபத்துக்குப் பக்கத்தில் தாய்கூட இல்லை. படிவத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"தகப்பன் மெல்பேர்னில எந்தப் பக்கம் இருக்கிறார்? செத்தவீட்டுக்கு முகம் காட்டாமல் இருக்கேலுமோ?"

"அவர் போய்ச் சேர்ந்தே எழுநூறு வருசம். ஸ்கொட்லாந்து ராசா. அந்தக் கதையைத்தான் மனோ சரித்திரச் சோதினைக்குப் படிக்கிறாள்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கிழித்த துண்டுகளைப் பார்த்தார். கோபத்தை யார் மேலாவது காட்டவேண்டியிருந்தது.

"என்ன ராசா அவன்? பெத்த பிள்ளையிட்ட விருப்பமோ எண்டு ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவன்!"

நாகேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"