ஏற்றம் நிற்கும் இடம்

சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் பிற்பகல் வெயில் துண்டு துண்டாக விழுகிறது. ஒருமுறை தவறிய கணிதத் தேர்வை நாளை மறுபடி எழுதப்போகும் ஆர்த்தி, மரத்தடியில் உட்கார்ந்து, தோழி இரவல் தந்த கிராஃப் கால்குலேட்டரில் ஒரு சார்பைத் தட்டுகிறாள். சின்னத் திரையில் கோடு மெல்ல ஏறி, வளைந்து, இறங்குகிறது. அவள் படிக்கட்டும் என்று அவளுடைய வரிசையிலும் மற்றப் பெண்களே குனிந்து காய் பறிக்கிறார்கள். அவர்களில் மூத்தவளான மாரித்தாய் எட்டிப் பார்க்கிறாள். "நம்ம மலைமேடு மாதிரில்லா இருக்கு!" "ஆமாத்தை," என்கிறாள் ஆர்த்தி. "இந்த எடத்துல ஏத்தம் நின்னுருது. அப்பொறந்தான் எறக்கம். அங்க ஸ்லோப், அதான் சரிவு, ஜீரோ." சொல்லும்போதே, இத்தனை நாள் பிடிபடாதது அவளுக்குப் பிடிபடுகிறது. "புரிஞ்சிட்டு அத்தை!" தானும் காய் பறிக்க, பக்கத்திலிருக்கும் தன் கூடைக்குக் கை நீட்டுகிறாள். எழப்போனவளின் தோளை மாரித்தாய் அழுத்துகிறாள். "இரு தாயி. இன்னொண்ணு போட்டுப் பாரு." ஆர்த்தியின் கூடையையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நடக்கிறாள்.