எட்வினின் மூச்சு

கொரோனாவில் ஆம்பூர் சர்ச்சைப் பூட்டிவிட்டதால், பாடகர் குழுவினர் அவரவர் வீட்டிலிருந்தே பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், கண்ணுகளா. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒரே பாட்டாகச் சேர்ப்பது ஷர்மிளாவின் வேலை. அவள் கணவன் எட்வின், ஷூ கம்பெனிக்காரன், காய்ச்சல் வருவதற்கு முன்பே தன் டிரம்பெட்டைப் பதிவு செய்திருந்தான். இப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தான்.

குழுத்தலைவர் சாலமன் போன் செய்தார்.

“உன் வீட்டுக்காரர் டிரம்பெட் ஊதுறாரா, துருத்தி ஊதுறாராம்மா? மூச்சுச் சத்தம் ஜாஸ்தியா கேக்குது. வெட்டிடு.”

மற்றவர்களுடையதை வெட்டியதுபோலவே, எட்வின் ஊதுவதற்குமுன் இழுத்த முதல் மூச்சையும் வெட்டினாள். கேட்டுப்பார்த்தாள். அவன் வாசித்ததுபோலவே இல்லை. மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தாள்.

உடனே ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கொழுந்தன் போனில் கூப்பிட்டான்.

“அண்ணி, பயப்படாதீங்க. இப்போ அண்ணனுக்கு மூச்சு நின்னே போய்டுச்சாம். அப்புறம் தானா வந்துடுச்சுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. இன்னான்னே அவங்களுக்குப் புரியலையாம்.”

ஷர்மிளா அதற்குமேல் ஒன்றையும் வெட்டவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு மூச்சோடுதான் போனது. சாலமன் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் எட்வினின் பதிவை மட்டும் தனியாக ஓடவிட்டாள். டிரம்பெட் முடிந்தது. பதிவு முடியவில்லை. மூச்சு மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பேட்டரி கம்மியாக இருக்கிறதென்று திரை காட்டியது. அவள் சார்ஜரைச் செருகிவிட்டு, யார் காலும் தட்டிவிடாதபடி அந்த வயரின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.