ஒரு சாண் பிடி

வாளின் பிடியில் இரண்டாவது கைக்கு இடம் போதவில்லை.

நாடகச் சாமான்களை வாடகைக்கு விடும் கடைக்காரர் கூடத்தின் நடுவில் நின்று அதைப் பிடித்துப் பார்த்தார். கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். அப்போதும் ஒரு சுண்டுவிரல் வெளியில்தான் நின்றது.

அவள் சமையலறை வாசலில் கைகளை இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றாள். அவருடைய அவஸ்தை அவளுக்குப் புதிதல்ல. ஒன்பது வருடமாக வந்தவர் போனவர் எல்லாரும் இதே கூத்தைத்தான் ஆடினார்கள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸ் கையோடு குழிக்குள் நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் ராஜாக்களின் சண்டையைப் படிக்கிற மனிதன். ஏதோ ஒரு தேசத்தில் எழுநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு ராஜாவின் வாளைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, அதே போல ஒன்று வேண்டும் என்று எங்கோ இருந்த ஒரு கொல்லனுக்குக் கடிதம் எழுதினான்.

எட்டு மாதம் கழித்து மரப்பெட்டியில் வாள் வந்தது. அலகு அச்சு அசல். குறுக்குக் கம்பி அச்சு அசல். பிடி மட்டும் குட்டை.

இரண்டு கையால் வீச வேண்டிய வாளை ஒன்றே முக்கால் கையால்தான் பிடிக்க முடிந்தது. வாளுக்கு ஆர்டர் கொடுத்தவனாலேயே சரியாகப் பிடிக்க முடியவில்லை.

அவளுக்குக் கேட்க வேண்டுமா! வாளுக்கு மூளி என்று பெயர் வைத்தாள். விருந்தாளி வந்தால், காபி கொடுப்பதற்கு முன்பே மூளியின் கதையைச் சொல்லிவிடுவாள். கொல்லன் காதில் பூ சுற்றிவிட்டான் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவனும் சிரிப்பான். திருப்பி அனுப்பிச் சரிசெய்யச் சொன்னால் மட்டும் காது கேட்காது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் போட்டு, துணியால் மெல்லத் துடைத்து, அதை அவள் பக்கம் நீட்டுவான்.

"ஒரே ஒரு தடவ நீ பிடிச்சுப் பாரேன்."

அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அந்த இரும்பின் மேல் அவளுக்குப் பொறாமை. வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவன் தன்னை அப்படிப் பார்த்துப் பார்த்துத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைப்பாள். அவன் மனதில் தனக்கு இடமில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

போன மாதம் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இனி அந்த வீட்டில் அவளும் மூளியும்தான். இருவரில் ஒருவர் போனால்தான் தனக்கு மூச்சு வரும் என்று அவளேதான் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

கடைக்காரர் வாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் விரித்திருந்த கம்பளித் துணி விழுந்தது. அதற்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது.

கொல்லனின் ஆர்டர் சீட்டு. சாமானோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான். கணவனின் சாய்ந்த கையெழுத்தில் அளவுகள் வரிசையாக இருந்தன. பிடி என்ற இடத்தில், 'பிடிக்கப்போகிறவரின் ஒரு சாண். சாண் அளவுக்கு நூல் அனுப்பவும்' என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு நூல், பின் அடிக்கப்பட்டு.

கடைக்காரர் நூலைப் பிய்த்துப் பிடியின் மேல் வைத்தார். சரியாக இருந்தது. தன் உள்ளங்கையில் வைத்து விரலை விரித்தார். கட்டைவிரலில் தொடங்கிய நூல் மோதிரவிரல்வரைகூடச் சரியாக எட்டவில்லை.

"கொல்லன் மேல தப்பில்லம்மா, நூலே இவ்வளவுதான். யாரோட சாண் இது?"

சின்னப் பிள்ளையுடையதோ என்றுதான் அவளுக்கும் முதலில் தோன்றியது. அந்த வீட்டில் பிள்ளைகள் கிடையாது. யாரோ ஒருத்தி என்ற நினைப்பும் வந்தது. இத்தனை காலம் அவன் ஊமையாகச் சிரித்தது இதற்குத்தானா?

நூலை இடது கையால் வாங்கிப் பார்த்தாள். நீல நூல். அவளுடைய தையல் டப்பாவில் இருந்த நூல்.

அக்குளில் இடுக்கியே வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். அதை மேஜைமேல் வைத்து, பதினொரு வருடத்தில் முதல்முறையாக, இன்னொருவர் பார்க்க விரித்தாள்.

அந்தக் கையின் சுண்டுவிரல் அடிக்கணுவோடு முடிந்துவிடும். மீதியை அப்போது அவள் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் அழுத்துமிஷின் எடுத்துக்கொண்டது.

கட்டைவிரல் நுனியிலிருந்து அந்தக் கட்டை முனைவரைக்கும் நூலை வைத்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கையை அவள் கணவனுக்கும் காட்டியதில்லை. முந்தானைக்குள் மறைத்தே பழக்கம். படுத்தாலும் அதை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுப்பாள். அவன் அந்தக் கையைக் கேட்டு வாங்கியிருக்க வழியே இல்லை.

அவள் தூங்கும்போதுதான் எடுத்திருக்கிறான். நெஞ்சுக்கடியிலிருந்து மெல்ல உருவி, விரல் விரலாக விரித்து, அந்தக் கிரீஸ் கையால் நூல் பிடித்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தானோ. அவள் விழிக்கவில்லை.