சித்திரகூடத்துச் செருப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ராமநகரில் ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தார் மேவாலால். கால் முன்னே போயிற்று. கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

எங்கள் ஊர் ராமலீலாவை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ராமன் எங்கே போகிறானோ அங்கே ஊரும், யானைமேல் ஏறி ராஜாவும் பின்னாலேயே போகவேண்டும்.

அன்று சித்திரகூடம். காட்டுக்குப் போன அண்ணனைத் திரும்பக் கூப்பிட பரதன் வந்து நிற்கும் நாள்.

மேவாலால் தேடியது ராமனையும் அல்ல, பரதனையும் அல்ல. தன் தம்பி சிவ்மூரத்தை.

ஹோலி முடிந்த கையோடு, அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல், இருவரும் சேர்ந்திருந்த வீட்டு முற்றத்தின் நடுவே தம்பி சுவர் வைத்துவிட்டான்.

"இனிமே என் செருப்புகூட உன் வாசல்ல கிடக்காதுடா!"

கத்திவிட்டுக் கிளம்பியவர்தான். சிநேகிதனின் மாவு மில்லில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. தம்பி வந்து கூப்பிடுவான் என்று மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார். அவன் வரவில்லை.

ஆனால் இந்த நாளை அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயதிலிருந்து தவறவிட்டதே இல்லை.

தோப்போரம் ஒரு மரத்து வேர்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எழுந்தார். எட்டிப் பார்த்தார். உட்கார்ந்து மறுபடி எழுந்தார். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"உட்காருய்யா பெரியவரே! ராஜாவோட யானையே மறைக்குது, நீ வேறயா?"

அப்போதுதான் கண்ணில் பட்டான். யானைக்கு அந்தப் பக்கம், அவரையே பார்த்தபடி, சிவ்மூரத்.

பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த முறை பார்த்தபோது அந்த இடம் காலி.

பரதன் பாதுகையை வாங்கித் தலையில் வைத்தான். கூட்டம் தேம்பியது. மேவாலாலுக்கு ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. காலியான அந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஆரத்திக்கு வெறுங்காலோடு முன்னே போய்த் திரும்பி வந்தால், வேர்மேல் செருப்பைக் காணோம்.

வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டிய செருப்பு. அதை எந்தத் திருடன் தொடுவான்?

பக்கத்தில் வறுகடலை விற்கும் பெண்ணிடம் கேட்டார். அவள் சிரித்தாள். "கம்பி போட்டதா அண்ணே? இப்பத்தான் ஒரு ஆளு அதைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே ஓடுறான். ராமலீலா பாத்துக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

எந்தப் பக்கம் ஓடினான் என்று மேவாலால் கேட்கவில்லை.

வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். மாவு மில் இருக்கும் திசையில் அல்ல.

உங்கள் வீட்டு வாசலிலும், உள்ளே நுழையக் கால் வைக்க இடமில்லாமல், உங்கள் மனிதர்களின் செருப்புகள் என்றைக்கும் குவிந்து கிடக்கட்டும், கண்ணுகளா.