பழைய பிங்

புயல் கரைகடந்த மறுநாள் காலை. தீவில் போன் கோபுரம் விழுந்துவிட்டது. அங்கே வானிலை நிலையத்தில் ஜெபசீலியின் வீட்டுக்காரர் செல்வின் இருந்தார். செயற்கைக்கோள் வழியே இணைந்த நிலையத்துக் கணினி பேசினால் கட்டடம் நிற்கிறதென்று அர்த்தம். “இருக்கியா?” என்று கேட்டு, “இருக்கேன்” என்று பதில் வாங்கிவரும் பிங் கட்டளையைக் கரையில் இருந்த அலுவலகத்திலிருந்து ஜெபசீலி அனுப்பினாள். பதில் வரவில்லை.

“பதறாத தங்கச்சி,” என்றார் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிக்கந்தர். “நேத்து உன் மெஷின்ல லினக்ஸை அப்டேட் பண்ணதுலேருந்து இப்படித்தான். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், என் மெஷினையே இல்லேங்குது, சனியன்.”

“அப்ப கோளாறு பிங்லதான், இல்லண்ணே?”

“வேற எதுல? பழைய பிங்கைப் போட்டாச் சரியாப் போயிடும்.”

போட்டார். அவர் கணினி உடனே பதில் சொன்னது.

“பார்த்தியா! இப்பத் தீவைக் கேளு.”

தீவுக் கணினியின் எண்ணைத் தட்டினாள். என்டர் மேல் விரல் நின்றது.

“அடி தங்கச்சி.”

“இனிமே இல்லேன்னு வந்தா பிங்கைத் திட்ட முடியாதுல்லண்ணே?”

என்டரிலிருந்து விரலை எடுத்தாள்.

“புதுசையே திரும்பப் போட்டுடுங்கண்ணே,” என்றாள் ஜெபசீலி.