மதியச் சாப்பாட்டு மேசைப் பாடம்

“அஜந்தினி, ஹெட்விண்ட்ஸ் எண்டா என்ன?”

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த கை அப்படியே நின்றது. எதிரே யூலியானா. ஒரு கையில் கறுப்புப் பாண், மறு கையில் கைபேசி. கைபேசியில் ஆங்கில வியாபாரச் செய்தி.

அஜந்தினிக்கு அர்த்தம் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவளுக்கு இது தெரியாமல் போகுமா? எதிர்க்காற்று. வியாபாரத்துக்கு வருகிற இடைஞ்சல்.

ஆனால் டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் இருவரும் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையை ஓர் ஆங்கிலக் கம்பனி வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. மேல்மாடி அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் காலி. நல்ல ஆங்கிலம் வேண்டுமாம். கிடைத்தால், பிஸ்கட் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிற வேலைக்கு ஒரு கும்பிடு. கீழே இருந்து விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அஜந்தினி. மற்றது, எதிரே பாண் கடித்துக்கொண்டிருக்கும் இந்தப் போலந்துக்காரி.

வியாழக்கிழமை நேர்முகம். இன்று திங்கள்.

“ஹெட்விண்ட்ஸோ?” என்றாள் அஜந்தினி, இருவருக்கும் பொதுவான அரைகுறை டெனிஷில். “வியாபாரம் கொடிகட்டிப் பறக்குது எண்டு அர்த்தம்.”

“ஆ! பின்னால இருந்து காற்றுத் தள்ளுற மாதிரியோ?”

“ஓம், ஓம். அதேதான்.”

யூலியானா கொப்பியில் எழுதிக்கொண்டாள். ஆங்கிலச் சொல், பக்கத்தில் போலிஷ் மொழியில் அர்த்தம். போட்டிக்காரியிடமே வந்து பாடம் கேட்கிறாளே, என்ன துணிச்சல் என்று அஜந்தினிக்கு எரிச்சலாக வந்தது.

செவ்வாய்க்கிழமை யூலியானா திரும்ப வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

“டைவெஸ்ட்?”

கையில் இருப்பதை விற்றுத் தள்ளுவது. அஜந்தினி சோற்றைப் பிசைந்தபடி, “புதுசா ஒரு கம்பனி வாங்கிறது” என்றாள்.

“இந்தச் செய்தியில வாற கம்பனிக்காரர் நட்டத்தில போறாங்கள் எண்டெல்லோ போட்டிருக்கு? நட்டத்தில போறவன் வாங்குவானோ?”

“பணக்காரர் அப்பிடித்தான்.”

யூலியானா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அஜந்தினியின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன கறி?”

“கத்தரிக்காய்.”

“உறைக்குமோ?”

“உறைக்கும். நீ தாங்கமாட்டாய்.”

புதன்கிழமை, பிளம்மெட். தலைகீழாய் விழுவது. “மெல்ல மெல்ல ஏறுறது” என்று அஜந்தினி சொன்னபோது, பொய் சோற்றோடு சோறாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

அன்று வேலை முடிந்து வந்தவளைக் கணவன் கஜதீபன் ஏற இறங்கப் பார்த்தான்.

“என்னப்பா, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?”

சொன்னாள். அவன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“அடி பாவி! விழுகிறதை ஏறுறது எண்டு சொல்லிக் குடுத்தனீயோ? நாளைக்கு அந்தப் பிள்ளை போய், உங்கட லாபம் பிளம்மெட் ஆகட்டும் எண்டு முதலாளிமாரை வாழ்த்தப் போகுது!”

“சிரியாதையுங்கோ. அவள்தானே வந்து கேக்கிறாள்? நானோ கூப்பிட்டனான்?”

“தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமெல்லோ?”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை முதலில் யூலியானாவைத்தான் கூப்பிட்டார்கள். வெளியே கதிரையில் இருந்த அஜந்தினிக்கு, கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. உண்மையிலேயே வாழ்த்திவிட்டாளோ?

யூலியானா சிவந்த முகத்தோடு வெளியே வந்து அவள் தோளைத் தட்டினாள்.

“போ, போ. பயப்பிடாதை. நல்ல மனுசர்.”

உள்ளே அலுவலகத் தலைவி கியர்ஸ்டன் எழுந்து கை கொடுத்தார்.

“அந்த ஆசிரியை நீங்கள்தானா? எதிர்க்காற்று, விற்றுத் தள்ளுதல், சரிவு என்று யூலியானா எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டார். ஒரு சொல் பிழையில்லை! இவ்வளவும் எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். மதியச் சாப்பாட்டு மேசையில், அஜந்தினியிடம் என்றார்.”

அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் கேட்ட எந்தக் கேள்விக்கும் அஜந்தினியின் நாக்கு புரளவில்லை. பட்டம் வாங்கிய ஆங்கிலம் முழுவதும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. யெஸ், நோ இரண்டும்தான் மிஞ்சின.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய கேக் இருந்தது. நல்ல சேதி உள்ளவர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் யூலியானா.

எல்லோரும் கை குலுக்கிவிட்டுப் போகும்வரை அஜந்தினி சுவரோடு சுவராக நின்றாள். பிறகு கிட்டப் போனாள்.

“நான் சொல்லித் தந்த மூண்டும் பொய். வேணுமெண்டுதான் சொன்னனான்.”

“தெரியும். திங்கக்கிழமை வீட்டை போற பஸ்ஸிலயே தேடிப் பாத்திட்டன்.”

அஜந்தினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பிறகேன் அடுத்த நாளும், அதுக்கடுத்த நாளும் என்னட்டையே வந்து கேட்டனீ?”

யூலியானா இருந்ததிலேயே பெரிய துண்டாக வெட்டி அவள் கையில் வைத்தாள்.

“ஆறு வருசமா ஒரே மேசையில சாப்பிடுறம், அஜந்தினி. நான் எது கேட்டாலும் நீ தலையை மட்டும்தான் ஆட்டுவாய். திங்கக்கிழமைதான் முதல்முதலா என்னோட ஒரு முழு வசனம் கதைச்சனீ.”