வாலஸின் தோல்

பாஸ்டன், 1956. வாலஸின் தொடைத் தோலில் ஒரு துண்டை எடுத்து, அவன் இரட்டைச் சகோதரன் ஹார்வியின் கையில் ஒட்டியிருந்தார்கள். அது பிடித்துக்கொண்டால், இருவர் உடம்பும் ஒன்றையொன்று ஏற்கும் என்று அர்த்தம். கிட்னி பழுதான வாலஸை ஹார்வியின் கிட்னி காப்பாற்றும்.

மூன்றாவது வாரம் டாக்டர் ஹார்வியின் கைக்கட்டைப் பிரித்தார். தோல் கறுத்துப்போயிருந்தது.

“உங்க உடம்பு இதைத் தள்ளிடுச்சு. உங்க கிட்னியை வச்சா அவர் உடம்பும் தள்ளிடும். ஆபரேஷன் வேண்டாம்.”

ஹார்வி தேம்பினான்.

படுக்கையிலிருந்த வாலஸ் சிரித்தான். “உன்னைவிட நான்தான் அழகுன்னு அப்பவே சொன்னேன்ல? அழாதடா. உன் உடம்பு ஒத்துக்கலைன்னா நீ என்ன பண்ணுவ?”

அதிலிருந்து ஒன்பதாம் நாள் வாலஸைப் புதைத்தார்கள்.

வீடு திரும்பிய ஹார்வி சட்டையைக் கழற்றினான். கையில் பொருக்கு உதிர்ந்திருந்தது. டாக்டர் கட்டைப் பிரிப்பதற்கு முந்தைய நாள், யாருக்கும் தெரியாமல் கட்டை விலக்கி அவனே சிகரெட்டால் சுட்டதில் தப்பிய ஓரத்தில், நகமளவு வாலஸின் தோல் இளஞ்சிவப்பாக, உயிரோடு ஒட்டியிருந்தது.